பச்சைக் காரை ஓட்டுனது யாரு

ஹோட்டலுக்குக் கீழ, வெயில் எட்டிக்கூடப் பாக்காத தளத்துல சலவை அறை. படுக்கை விரிப்பு மடிக்கிறதுதான் அவளுக்கு வேலை. காலையில ஏழு மணிக்கு, விரிப்பைத் தேய்ச்சுத் தள்ளுற உருளை மிஷின் முன்னால நின்னா, சாயங்காலம் இடுப்பு இருக்கா இல்லையான்னு தடவிப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

புருஷன் நல்லவன்தான், ஊராருக்கு. நாலு வருஷத்துக்கு முன்னாடி பிரிஞ்சாங்க. ஒத்தை மக அப்பன்கிட்ட, வேற ஊர்ல. அங்கதான் பள்ளிக்கூடம் நல்லா இருக்காம். ஞாயித்துக்கிழமை போன்ல பேசிக்கலாம்னு ஏற்பாடு. அவன் பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஸ்பீக்கர்ல போட்டா பிள்ளை என்னத்தைப் பேசும்? சாப்பிட்டியான்னா ம். படிக்கிறியான்னா ம். அம்மா மேல கோவமான்னு கேக்க வாய் வரைக்கும் வரும். அதுக்கும் ம்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு முழுங்கிடுவா.

அதனால அவ நம்பியிருந்ததெல்லாம் ஒரு கார் கேமைத்தான். பிரியறதுக்கு முந்தி மகதான் அவ போன்ல ஏத்திக் குடுத்துச்சு. விழுந்தடிச்சு ஓட்ட வேண்டாம். நாம ஒரு தரம் காரை நகத்துனா, எதிராளி நேரம் கெடைக்கிறப்ப ஒரு தரம் நகத்துவாங்க, எந்த ஊர்ல இருந்தாலும். அம்மாவுக்கு சிவப்புக் கார், மகளுக்குப் பச்சை. வளைவு வந்தாப் போதும், சிவப்பை இடிச்சுச் சேத்துல தள்ளிடும் மக. அம்மாவுக்கு ஆமைன்னு பட்டப்பேரு வேற.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் தொறக்கிறதுக்கு முந்தி போனைத் தொறப்பா. பச்சை நகந்திருக்கும். ஒரு நாள் தப்பாது. அப்பவே பாதி வயிறு நெறஞ்சுடும்.

கொஞ்ச மாசமா பச்சைக் கார் இடிக்கிறதை விட்டுருச்சு. வளைவுல ஒதுங்கி வழி விடுது. கார் மேல ஒரு குட்டி பொம்மைத் தலை வேற. ஸ்டிக்கர் ஒட்டுற கிறுக்கு இன்னும் போகல பாருன்னு சிரிச்சுக்கிட்டா. எம்மகளுக்குப் பொறுப்பு வந்துருச்சு, இப்பல்லாம் அம்மாவை இடிக்கிறதில்லன்னு சலவை அறை பூரா சொல்லியாச்சு.

இஸ்திரி போடுறவர் வீட்டுலயும் அதே கேம். அவரும் அவர் பொண்டாட்டியும் பேசிக்கிறதைவிட அதுல இடிச்சுக்கிறதுதான் ஜாஸ்தி. ஒரு நாள் அவ பெருமையா நீட்டுன போனைக் கண்ணாடி மாட்டிக்கிட்டுப் பாத்தவர், பொம்மைத் தலை மேல வெரலை வச்சார்.

"இது ஸ்டிக்கர் இல்ல தங்கச்சி. ஆள் ஆட வரலேன்னா அவங்களுக்குப் பதிலா கேமே ஓட்டும். அப்ப வர்ற பொம்மை இது."

"எப்பலேர்ந்துண்ணே?"

எங்கயோ தட்டிப் பாத்தார். அஞ்சு மாசம்.

காய்ச்சல்ல கெடந்தப்பகூட, பிள்ளை காத்துக்கிட்டு இருக்குமேன்னு போர்வைக்குள்ள இருந்து காரை நகத்துனவ அவ. வழி விட்டுப் போனது மக இல்ல. அது கேம் போட்ட வெறும் கணக்கு.

ரெண்டு வழி இருக்குன்னார் அவர். இப்படியே விட்டா பொம்மை பாட்டுக்கு ஆடிக்கிட்டே இருக்கும். இல்ல, பொம்மையை எடுத்துடுன்னு ஒரு பட்டன். அதை அமுக்குனா, ஆட வர்றியான்னு மகளைக் கேக்கும். வரலேன்னா ஆட்டம் அத்தோட சரி.

ரெண்டு நாள் அவ பொம்மையோடதான் ஆடுனா. பொய்யோட குடித்தனம் நடத்துறது அவளுக்குப் புதுசா என்ன, பத்து வருஷம் நடத்துனவதானே. ஆனா பச்சை நகந்து நிக்கிறதைப் பாக்கப் பாக்க சோறு எறங்கல. மூணாம் நாள் அமுக்கிட்டா.

மறுநாள் மத்தியானம் பதில் வந்துருச்சு. வரலைங்கிற பட்டனை மக தட்டியிருந்துச்சு. கூட ஒரு வரி.

"அம்மா, நீ இன்னுமா இதை ஆடுற?"

கோவமே இல்ல அதுல. கோவம் இருந்திருந்தாலாவது சமாதானம் பண்ணியிருப்பா. பிள்ளைக்கு நெசமாவே ஆச்சரியம்.

தெனம் தெனம் ஆடுனேன்டின்னு எழுதுனா. அழிச்சா. உன்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்னு எழுதுனா. படிச்சா பிள்ளை மனசு என்ன பாடுபடும்னு அதையும் அழிச்சா. கடைசியா, "இல்லடா, கை தவறிப் பட்டுருச்சு"ன்னு அனுப்புனா.

சிவப்பு, பச்சை ரெண்டும் மறைஞ்சு திரையில வெறும் ரோடுதான் நின்னுச்சு. அதையே பாத்துக்கிட்டு இருந்தா. மேல நாலாவது மாடியிலேர்ந்து அழுக்குத் துணி வண்டி வந்துருச்சுன்னு யாரோ கூப்பிட்டாங்க.