விபத்தில்லாத நாள் நானூற்றுப் பன்னிரண்டு

எச்.ஆர். வேலை என்பது ஒருவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, அவர் படிக்காத காகிதத்தில் அவருடைய கையெழுத்தை வாங்குகிற வேலை. ஒரகடம் பக்கம் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிற என் சக பாவப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் அந்த வேலையில் இருந்தேன். பகலெல்லாம் கம்பெனி விசுவாசம், சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் தொழிலாளர் உரிமை பற்றிப் பதிவு. இரண்டையும் எழுதியது ஒரே கைதான் என்பது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை.

ஒரே குடும்பம்

எங்கள் பிளான்ட் ஹெட் மைக்கைப் பிடித்தால் முதலில் வருவது "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்பதுதான். கம்பெனி தன்னைக் குடும்பம் என்று சொல்லிக்கொண்டால் உஷாராகிவிட வேண்டும் என்பது என் கட்சி. குடும்பத்தில் யாரும் சங்கம் வைக்க முடியாது. ஓ.டி. கேட்க முடியாது. விட்டுப் போனால் துரோகி. பாதிப் பேர் ஒப்பந்தத் தொழிலாளிகள் வேறு. குரூப் போட்டோ எடுக்கும்போது அவர்களைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொல்வோம்.

மகளிர் தினக் கூட்டத்தில் ஒருமுறை வாயைத் திறந்தேன். ரோஜாப்பூ வேண்டாம், லைனில் நிற்கும் பெண்களுக்குக் கழிப்பறை போக இன்னும் ஐந்து நிமிஷம் கொடுங்கள் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் ரோஜாப்பூ வந்தது. அதை கேட்டில் நின்று கொடுத்தவளும் நான்தான். பக்கத்தில் செக்யூரிட்டி தனசேகர் அண்ணன் ஒவ்வொரு பெண்ணின் கைப்பையையும் திறந்து சோதித்துக்கொண்டிருந்தார். உள்ளூர்க்காரர், கம்பெனி நிற்கும் நிலத்தில் கொஞ்சம் ஒருகாலத்தில் அவர் வீட்டாருடையது. என் பூக்கூடையைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "குடும்பம்ன்றாங்க. வூட்டுக்குள்ள வர்றவங்க பைய எந்த வூட்டுல மேடம் தொறந்து பாக்கறாங்க?"

விரல் நீட்டும் வழக்கம்

எங்கள் பிளான்ட்டில் ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன் ஒரு சடங்கு உண்டு. எல்லோரும் வரிசையாக நின்று, வலது கையை முன்னால் கொண்டுவந்து ஆள்காட்டி விரலை நீட்டி, மெஷினைச் சுட்டிக்காட்டி, "கை பார்த்தேன், கால் பார்த்தேன், பாதுகாப்பு சரி" என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம். விரலால் காட்டி வாயால் சொன்னால் மூளை விழித்துக்கொள்ளுமாம். எதிரே சுவரில் ஒரு பச்சைப் பலகை, "விபத்தில்லாத நாட்கள்" என்று எழுதி, கீழே மூன்று கொக்கிகளில் எண் தகடுகள். தினமும் காலையில் ஒரு எண் கூடும். அறுபது பெண்கள் ஒரே நேரத்தில் விரல் நீட்டுவதை முதன்முதலில் பார்த்தபோது, அவர்கள் என்னைத்தான் காட்டுகிறார்கள் என்று ஒரு நொடி நினைத்துப் பின்னால் நகர்ந்தேன். நான் மெஷின்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

காளீஸ்வரிக்குப் பயிற்சி கொடுத்தது நான். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், இருபத்தொரு வயது, சேரப்பணஞ்சேரி ஹாஸ்டலில் எட்டுப் பேர் அறையில் தங்கியிருந்தாள். விரலை நீட்டச் சொன்னால் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள். என்ன என்று கேட்டதற்குச் சொன்னாள்: "எங்க ஊர்ல இப்படி வெரல நீட்டிப் பேசுனா சண்டைக்கு வாராம்பாங்க. இங்க அதுக்குச் சம்பளமுல்லா குடுக்காங்க."

எலுமிச்சம்பழம்

நான் சாமி கும்பிடுவதில்லை. அதை நான்கு பேரிடம் சொல்லிக்கொண்டும் திரிவேன். ஆனாலும் இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற நாலாம் நம்பர் பிரஸ்ஸைக் கடந்து போகும்போது என் நடை தானாக வேகமெடுக்கும். மற்ற மெஷின்கள் சத்தம் போடும். அது மட்டும் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் மூச்சை இழுப்பதுபோல ஒரு சின்ன ஓசை விடும். அதன் நெற்றியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் கட்டியிருக்கும், வெள்ளிதோறும் புதுசு.

கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்துகிற சென்சார் அதில் பழுதாகி மூன்று மாதமாகியிருந்தது. உற்பத்தி நிற்கக் கூடாது என்று ஒரு துண்டு ஒயரைச் செருகி அதை ஏமாற்றி வைத்திருந்தார்கள். திருஷ்டி கழிக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு ஒரு சென்சார் வாங்கத் தெரியாதா என்று மெயின்டெனன்ஸ் முருகேசனிடம் பொரிந்து தள்ளினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எலுமிச்சம்பழத்துக்குக் கொட்டேஷன் கேக்க மாட்டாங்க மேடம். சென்சாருக்கு மூணு கொட்டேஷன் வோணும்."

நாற்காலி

நானூற்றுப் பன்னிரண்டாம் நாள், காலை பத்தே கால். நாலாம் நம்பர் பிரஸ் காளீஸ்வரியின் வலது ஆள்காட்டி விரலில் மேல் இரண்டு கணுக்களை எடுத்துக்கொண்டது. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அவள் அழவில்லை. மெஷினுக்குள் எதையோ தவறவிட்டவள்போலக் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். அரை மணி நேரத்தில் தரையைத் துடைத்துவிட்டு, வேறொரு பெண்ணை நிறுத்தி, பிரஸ்ஸை ஓட்டினார்கள்.

மதியம் பிளான்ட் ஹெட் என்னைக் கூப்பிட்டார். அடிபட்டவர் ஒரு நாளாவது வேலைக்கு வராமல் போனால்தான் எங்கள் விதிப்படி விபத்து. அப்போது பலகை சைபருக்குப் போகும், பெரிய வாடிக்கையாளர் தரவிருந்த பாதுகாப்பு விருதும் போகும். ஆகவே காளீஸ்வரியை மறுநாளே வேனில் கூட்டிவந்து கண்ணாடி போட்ட பயிற்சி அறையில் உட்காரவைக்க வேண்டும், வருகைப் பதிவு விழுந்தால் போதும். அவர் நீட்டிய படிவத்தில் "சிறு காயம், முதலுதவிக்குப் பின் பணிக்குத் திரும்பினார்" என்று எழுதியிருந்தது. அப்படி எழுதினால் விரல் போனதற்கு ஆயுளுக்கும் கிடைக்க வேண்டிய உதவி கிடைக்காது, ஒப்பந்தம் முடிந்ததும் வெறுங்கையோடு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலம் போனில் எந்தப் பதிவும் போடவில்லை.

மறுநாளிலிருந்து அவள் அந்தக் கண்ணாடி அறையில், பிளாஸ்டிக் நாற்காலியில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எதிரே கண்ணாடி வழியாகப் பலகை தெரியும். நானூற்றுப் பதிமூன்று. நானூற்றுப் பதினான்கு. ஒருநாள் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, வேறு யாரைப் பற்றியோ கேட்பதுபோலக் கேட்டாள்: "இல்லாத வெரலு அரிக்குதுக்கா. எங்கன போயிச் சொறிய?"

முகம் பொருந்தவில்லை

கேட்டில் முகம் காட்டினால் வருகை பதிவாகும் மெஷின் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு அது காளீஸ்வரியைப் பார்த்தால் மட்டும் "முகம் பொருந்தவில்லை, மீண்டும் முயற்சி செய்யவும்" என்று பெண் குரலில் சொல்லும். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, தினமும். வந்து பார்த்த டெக்னீஷியன் மெஷினில் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அவள் வரிசையை விட்டு விலகாமல் நிற்பாள், குரல் திரும்பத் திரும்பச் சொல்லும், நான் வந்து கையால் பதிவு போடுவேன். பத்தாம் நாளோ என்னவோ, தனசேகர் அண்ணன் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நீங்க கையெழுத்து போட்டுக்கினீங்க. மிஷினு அந்த பொண்ண தெரியலன்னு சொல்லுது. இன்னா பண்றது?"

மடங்கிய விரல்கள்

அதற்குப் பின்தான் கவனித்தேன். காலைச் சடங்கில் கடைசி வரிசையில் ஒருத்தியின் ஆள்காட்டி விரல் முழுசாக நீளவில்லை. பாதியில் மடங்கியிருந்தது, தூரத்திலிருந்து பார்த்தால் வெட்டுப்பட்ட மாதிரி. மறுநாள் நாலு பேர். அடுத்த வாரம் அறுபது பேரும். குரல் பழையபடி கணீரென்று வந்தது, "கை பார்த்தேன், கால் பார்த்தேன், பாதுகாப்பு சரி." அறுபது குறைவிரல்கள் நாலாம் நம்பர் பிரஸ்ஸைக் காட்டின.

சங்கம் புகுந்துவிட்டது, தூண்டிவிடுகிறவர்கள் பேரைக் கொடு என்று பிளான்ட் ஹெட் என்னை விரட்டினார். கேமராவை ஓடவிட்டுப் பார்த்தோம். யாரும் யாரிடமும் பேசவில்லை, துண்டுச்சீட்டு இல்லை, கண்ஜாடைகூட இல்லை. பெண்கள் சேர்ந்து ஒரு காரியம் செய்தால் பின்னால் ஓர் ஆண் இருந்தாக வேண்டும் என்று அவர் நம்பினார். இந்த ஊர் அதிகாரிகள் நிறையப் பேருக்கு அந்த வியாதி உண்டு. லைன் லீடர் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு ஏன் மடக்குகிறீர்கள் என்று கேட்டேன். சேரப்பணஞ்சேரிப் பெண், எதற்கும் பதறாதவள். தன் விரலை என் முகத்துக்கு நேரே நேராக நீட்டிக் காட்டிவிட்டு, சாந்தமாகச் சொன்னாள்: "யாருமே மடக்கலியே மேடம். நீங்க இன்னாத்த பாத்தீங்க?"

நானூற்றைம்பது

விருது நாளன்று பலகையில் நானூற்றைம்பது. வாடிக்கையாளர் கம்பெனியின் பெரிய அதிகாரி, வெளியூர்க்காரர், தலை நரைத்தவர், மாலையோடு நின்றார். காளீஸ்வரியின் அறைக்குத் திரை போட்டாயிற்று. பெண்களை அன்றைக்கு வேறு பக்கம் நிறுத்தி, உறுதிமொழியை என்னையே முன்னால் நின்று சொல்லச் சொன்னார் பிளான்ட் ஹெட். நான் மடக்க மாட்டேன் என்று அவருக்கு நம்பிக்கை. எனக்கும்தான்.

கையைத் தூக்கினேன். விரல் நீளவில்லை. சத்தியமாக முயன்றேன், நடிக்கவில்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டபோது பேனாவை அழுத்திய அதே விரல், பாதியில் நின்றுவிட்டது. பின்னால் திரைக்கு அப்பால் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. அதிகாரி பக்கத்தில் வந்து, உங்கள் விரலுக்கு என்ன ஆயிற்று என்று ஆங்கிலத்தில் அக்கறையாகக் கேட்டார். என்னுடையதற்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லித் திரையை விலக்கினேன். படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டது ஒரு பொய்க்கு என்பதையும் அங்கேயே, எல்லோர் முன்னாலும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. நாலாம் நம்பர் பிரஸ் மட்டும் மூச்சை இழுத்துக்கொண்டது. பிளான்ட் ஹெட் என் காதருகில் குனிந்து, உண்மையிலேயே மனம் நொந்தவராகச் சொன்னார்: "நாமெல்லாம் ஒரே குடும்பம்மா. வீட்டு விஷயத்த இப்படியா வெளிய சொல்வாங்க?"

சைபர்

விருது திரும்பிப் போயிற்று. படிவம் பணியிட விபத்து என்று மாற்றி எழுதப்பட்டது, காளீஸ்வரிக்கு ஆயுளுக்குமான உதவிக்கு வழி பிறந்தது. மூன்று கொட்டேஷன் வாங்காமலே சென்சார் வந்தது. என்னை ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள், தந்தேன். பொய்க்குக் கையெழுத்துப் போட்டவளுக்கு அது அதிகமான தண்டனை என்று நான் நினைக்கவில்லை.

கடைசி நாள் வெளியே வரும்போது கேட்டில் காளீஸ்வரி நின்றிருந்தாள், ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பலகையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றாள். தனசேகர் அண்ணன் கதவைத் திறந்துவிட்டார். முகம் காட்டும் மெஷின் அவளைப் பார்த்து, அத்தனை நாளுக்குப் பிறகு, நன்றி என்றது. அன்று காலைதான் மாட்டிய சைபர் மூன்று கொக்கிகளிலும் தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள், நான் அவள் தோளைத் தொட்டதும் திரும்பினாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் மிச்சமிருந்த ஒற்றைக் கணுவைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "சைபரப் பாத்ததும் அரிப்பு நின்னுபோச்சுக்கா."

இப்போது பிள்ளைப்பாக்கத்தில் இன்னொரு கம்பெனியில் அதே வேலையில் இருக்கிறேன், அங்கும் நாங்கள் ஒரே குடும்பம்தான், என்ன, எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பும் என் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன்.