மல்லாந்து படுத்த கல்

பால்காரர் அளந்து ஊற்றிய பாலையே மறுபடி அளந்து பார்க்கிறவள் அவள். சாலைக்கு வரும் ஜல்லியைச் சலித்துச் சோதிக்கும் கூடத்தில் இருபது வருடமாக வேலை. எல்லோருக்கும் அவள் சல்லடை அக்கா.

அங்கே புதிதாகக் கேமரா வந்தது. தட்டில் பரப்பிய ஜல்லியை மேலிருந்து படமெடுத்து, எல்லாமே நல்ல கல் என்றது கம்ப்யூட்டர்.

"மெஷின் பொய் சொல்லாதுக்கா, கையெழுத்துப் போடுங்க" என்றார் மேற்பார்வையாளர்.

அவள் ஒரு கல்லை எடுத்து நிமிர்த்தி நிறுத்தினாள். ஓட்டாஞ்சில்லு கனம்தான் இருந்தது. லாரி ஏறினால் நொறுங்கிவிடும்.

"தட்டைக்கல் மல்லாந்துதானே படுக்கும் தம்பி? மேலேருந்து பாத்தா கனம் எப்படித் தெரியும்? கல்யாணத்துக்கு முன்னாடி போட்டோல பாத்தப்ப உங்க மாமாவும் தங்கமான மனுஷனாத்தான் தெரிஞ்சார்."