பாதியில் நின்ற மனுக்கள்

விமல்ராஜ் செங்கம் சாலையில் நான்கு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்திவந்தான். அவன் வீட்டில் கம்ப்யூட்டர் படித்தவன் அவன் ஒருவன்தான். 2007இல், மருத்துவ உதவி செய்யும் ஓர் அறக்கட்டளைக்கு வலைப்பக்கம் செய்துகொடுத்தான். பக்கத்தின் நடுவே மனு எழுத ஒரு பெட்டி. எழுத்தைத் தடிப்பாக்கலாம், நிறம் மாற்றலாம். பொத்தானை அமுக்கினால் மனு டேட்டாபேஸில் போய் உட்காரும். 'உங்கள் மனு பதிவாகிவிட்டது' என்று பச்சையில் வரும். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டினான்.

லாட்ஜில் அறை துடைக்கும் ஜோதியம்மாள், மகளுக்குக் காது மெஷின் வேண்டுமென்று வந்தாள். அவள் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். 'உதவி கேட்பதற்கான காரணம் தெரிவிக்கப்படவில்லை' என்று அறக்கட்டளையிலிருந்து பதில் வந்தது.

"எனக்குச் சொல்லத் தெரியல தம்பி. இன்னும் கொஞ்சம் மரியாதையா போடுங்க."

பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்கு என்று தொடங்கித் தடித்த எழுத்தில் போட்டான். அதுவும் திரும்பி வந்தது.

"நீங்க அழுதுகிட்டே சொன்னீங்க இல்ல, அதுல விஷயம் விட்டுப்போயிருக்கும்" என்றான். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

நான்கு மாதம் கழித்து, பிரிண்டர் மக்கர் செய்கிறது என்று அறக்கட்டளையிலிருந்து கூப்பிட்டார்கள். மனுக்களைப் படிக்கும் முருகையன் திரையை அவன் பக்கம் திருப்பினார்.

"பாருப்பா உங்க ஜனங்கள. கும்பிடு ஜாஸ்தி, விஷயம் கம்மி."

விமல்ராஜும் சிரித்தான். பிறகுதான் பார்த்தான். ஜோதியம்மாளின் மனு 'என் மகள் கவி' என்பதோடு நின்றிருந்தது. அடுத்தது பாதிச் சொல்லில் நின்றது. அதற்கடுத்ததும் அப்படியே.

டேட்டாபேஸில் மனுவுக்கு அவன் ஒதுக்கியிருந்த இடம் இருநூற்று ஐம்பத்தைந்து எழுத்து. கொம்பும் காலும் புள்ளியும் அதில் தனித்தனியாகக் கணக்கு. தடிப்புக்கும் நிறத்துக்கும் வேறு இடம் போனது. மிச்சத்தை அது சத்தமில்லாமல் வெட்டிவிட்டுப் பச்சையைக் காட்டியிருக்கிறது. 'வணக்கம், இது சோதனை' என்று ஒரே ஒரு தரம் அடித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று விட்டவன் அவன்.

முருகையனிடம் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்கு வந்து அளவைப் பெரிதாக்கினான். ஒரு நிமிஷ வேலை. வெட்டுப்பட்டவை எங்கேயும் இல்லை.

சாயங்காலம் லாட்ஜுக்குப் போனான். ஜோதியம்மாள் பக்கெட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சர்வர்ல ஏதோ கோளாறுங்க. இன்னொரு தரம் எழுதிடலாம்."

"என்னால உங்களுக்கு எத்தனை தரம் வேலை, பாவம்" என்றாள்.

வாசல்வரை போனவன் திரும்பி வந்தான்.

"உங்க மேல தப்பே இல்லைங்க. நான்தான் இடத்தைக் கம்மியா வெச்சுட்டேன். நீங்க சொன்ன எதுவும் அவங்களுக்குப் போய்ச் சேரல."

அவள் குழாயை மூடினாள்.

"அழுததால விட்டுப்போச்சுனு சொன்னியே?"

"சொன்னேங்க."

"ஒழுங்கா கேக்கத் தெரியாதவனு வீட்ல நாலு மாசமா பேச்சு வாங்கறேன்டா." சேலையில் கையைத் துடைத்தாள். "மத்தவங்களுக்குச் சொல்லிட்டியா?"

"இல்ல."

"மொதல்ல போய்ச் சொல்லு. அப்புறம் வரேன்."

மறுநாள் முருகையனிடம் சொன்னான். எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார். நூற்று நாற்பத்து மூன்று. அவர் தொலைபேசியை அவன் முன்னால் நகர்த்தி வைத்தார், திரையை அணைத்தார்.

மூன்று நாள் கூப்பிட்டான். பலர் மறுபடி எழுத ஒப்புக்கொண்டார்கள். சிலர் அவனுக்கே நன்றி சொன்னார்கள். ஒரு வீட்டில் மட்டும், இனிமே தேவைப்படாதுங்க என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். ஏன் என்று அவன் கேட்கவில்லை.