ஏரிக்குள் போன ரோடு

நான் இரண்டாம் வகுப்பு வரை படித்தவன். அதையே இரண்டு வருஷம் படித்தேன், ஆகவே நாலாம் வகுப்பு என்றும் சொல்லிக்கொள்ளலாம். படிப்பு வராவிட்டாலும் எனக்கு வழி வரும். பேக்கரி ரொட்டிப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு பெங்களூர் ஆஸ்டின் டவுனிலிருந்து ரிச்சர்ட்ஸ் டவுன் வரை வீடு வீடாகப் போடுவதுதான் வேலை. எந்தச் சந்தில் பள்ளம், எந்த கேட்டுக்குப் பின்னால் நாய் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திமிரில்தான் என் வீட்டுக்காரியிடம் வாயைக் கொடுத்தேன்.

கல்யாணமான புதிதில் அவளைப் பின்னால் உட்காரவைத்து, அடுகோடி பக்கம் ஓசூர் ரோட்டில் ஒரு லாரியோடு பந்தயம் விட்டேன். பந்தயம் நடப்பது லாரிக்குத் தெரியாது. அது பாட்டுக்குப் போனது. அது கிளப்பிய காற்றில் நாங்கள் இருவரும் சாக்கடையில் கிடந்தோம். எனக்கு முழங்கை போனது. அவளுக்குத் தைரியம் போனது. அன்றிலிருந்து தூரத்தில் லாரி ஹாரன் கேட்டாலே சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், பேக்கரி முதலாளி கொடுத்த காலண்டரில் நந்தி மலை அடிவாரத்துக் கோயில் படம் வந்தது. ஆயிரம் வருஷத்துக் கல் கோயில், நாலு பக்கமும் படி இறங்கும் குளம், படி முழுக்க விளக்கு. மாதம் மாறினாலும் அவள் அந்தத் தாளைக் கிழிக்கவிடவில்லை. ஒரு நாள், நானே சைக்கிள் ஓட்டி இங்கே போகணும் என்றாள். முப்பத்திரண்டு வயதில் ஆரம்பித்தாள். முதலாளி மகள் ஓட்டி முடித்த லேடீஸ் சைக்கிள் ஒன்று கிடைத்தது. விடிந்தும் விடியாமல் ஆஸ்டின் டவுன் கிரவுண்டில் பழகுவாள். பந்து விளையாட வந்தவர்கள் விளையாட்டை நிறுத்திவிட்டு இவளைப் பார்த்தார்கள். இவள் கோல் போஸ்ட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை. அதனால் தினமும் சரியாக அதிலேயே போய் இடித்தாள்.

ஒரு மாதத்தில் கிரவுண்டை நன்றாகச் சுற்றினாள். ஆனால் ரோட்டுக்கு வரமாட்டேன் என்றாள். அப்போதுதான் நான் சொன்னேன், லாரியே இல்லாத ரோட்டில் உன்னை அந்தக் குளம் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறேன் என்று.

"ஒரு லாரி எதிர்ல வந்துச்சுன்னா போதும், அன்னிக்கே இந்த சைக்கிள குஜிரிக்காரன்கிட்ட பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். அப்புறம் என்ன சைக்கிள் பக்கம் கூப்டாத."

சும்மா சொல்லவில்லை. அவள் சொன்னால் செய்வாள். அவளைச் சாக்கடையில் தள்ளியவன் நான். அந்தச் சைக்கிள் இரும்புக் கடைக்குப் போனால் அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

நல்ல வெயில் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழி பார்க்கப் போனேன். சைக்கிளை பஸ் கூரையில் ஏற்றி தேவனஹள்ளியில் இறங்கினேன். ஏர்போர்ட் வராத காலம். கோட்டை மதிலைத் தாண்டினால் திராட்சைத் தோட்டம், சக்கோத்தா மரம், மல்பெரிச் செடி, அவ்வளவுதான். ஹைதராபாத் ரோட்டில் லாரி ரயில் மாதிரி வரிசையாகப் போனது. அதை விட்டுவிட்டு மாட்டுவண்டித் தடத்தில் இறங்கி, நந்தி மலையை மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டு மிதித்தேன். ஆடு மேய்ப்பவர் ஒருவர் கையை நீட்டி, இப்படியே நேராகப் போ என்றார்.

போனேன். அப்படி ஒரு ரோட்டை நான் பார்த்ததே இல்லை. அகலமென்றால் நாலு கால்பந்து கிரவுண்டு அகலம். மேடில்லை, பள்ளமில்லை, வீடில்லை, நாய்கூட இல்லை. மண் மட்டும் அங்கங்கே பிஸ்கட் மாதிரி வெடித்திருந்தது. நடுவில் இரண்டு கல் தூண், மேலே ஒரு குறுக்குக் கல். யாரோ ஊஞ்சல் கட்ட நட்டுவிட்டு மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, அதில் சாய்ந்து புளிச்சோறு தின்றேன். இவ்வளவு நல்ல இடத்தைச் சும்மா போட்டிருக்கும் அந்த ஊர்க்காரர்களை நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

அவள் இன்னும் பழகட்டும் என்று தள்ளித் தள்ளி, ஆயுத பூஜையும் வந்தது. இரண்டு சைக்கிளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, அடுத்த ஞாயிறு கிளம்பினோம்.

தேவனஹள்ளியில் பஸ் கூரையிலிருந்து சைக்கிள் இறங்கியதிலிருந்தே எனக்குத் தரையில் கால் பாவவில்லை. முந்தின வாரம் நல்ல மழை. இரண்டு பக்கமும் ராகி இடுப்பளவு நின்றது. ஈர மண் வாசனை, தும்பி, எதிரில் மேகத்தைத் தொப்பியாகப் போட்டுக்கொண்ட மலை. அவள் முதலில் ஹேண்டிலைத் திருடனைப் பிடிப்பது மாதிரி பிடித்திருந்தாள். ஒரு மைல் தாண்டியதும் பெல் அடிக்க ஆரம்பித்தாள். ஆள் இல்லாத தடத்தில் எருமைக்கு, கொக்குக்கு, சோளக்கொல்லை பொம்மைக்கு எல்லாம் பெல். இனிமேல்தான் நிஜமான ரோடு, நான் புளிச்சோறு தின்ற ஊஞ்சல் கல் எல்லாம் வரப்போகிறது, பார் என்று நான் பீற்றிக்கொண்டே போனேன்.

தடம் ஒரு வளைவு வளைந்தது. எதிரில் கடல் மாதிரி தண்ணீர். நடுவில் என் ஊஞ்சல் கல், கழுத்தளவுத் தண்ணீரில். அதன் மேல் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

எங்கள் பெங்களூரில் ஏரி என்றால் அதைத் தூர்த்துக் கட்டிய பஸ் ஸ்டாண்டு, ஸ்டேடியம், லே அவுட். காய்ந்த ஏரியைப் பார்த்தால் ஏரி என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் தின்னச் சாய்ந்தது ஊஞ்சல் இல்லை, ஏரித் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் மதகு.

அவள் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றாள்.

"இதான் உன் ரோடா?"

"ரோடு இங்கதான் இருக்கு. மேல கொஞ்சம் தண்ணி இருக்கு."

"எவ்ளோ?"

"முட்டி வரைக்கும்."

நிரூபிக்க இறங்கினேன். நாலாவது அடியில் முட்டி, இடுப்பு, சட்டைப் பை, பீடிக்கட்டு எல்லாம் போனது. கரையோரம் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் சிரித்துச் சிரித்து எருமை மேலேயே சாய்ந்துவிட்டார். நான் கன்னடத்தில் வழி கேட்டேன். கோயிலுக்கு இரண்டே வழி என்றார். ஒன்று, திரும்பிப் போய் ஹைதராபாத் ரோட்டில் இரண்டு மைல். இன்னொன்று ஏரிக்கரை மேல் ஒற்றையடி. அதில் ஆடு போகும், சைக்கிள் போனதைத் தான் பார்த்ததில்லை.

அவள் கை பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தது. தூரத்தில் லாரி ஹாரன் கேட்டது. எனக்குச் சிரிப்பு வற்றிவிட்டது.

"வா, ஊட்டுக்குப் போயிடலாம்" என்றேன்.

அவள் சேலையைத் தூக்கிச் செருகினாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரை மேல் ஏறினாள். ஏறியவள் சீட்டில் உட்கார்ந்தேவிட்டாள்.

ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பனை உயரத்துக்குக் கீழே நெல் வயல். நடுவில் ஒரு முழம் தடம். கோல் போஸ்ட்டில் இடித்தவள் அதில் நூல் பிடித்த மாதிரி போனாள். நான் ஈரச் சட்டையோடு பின்னால் நடுங்கிக்கொண்டு போனேன், குளிரில் என்று சொல்லிக்கொள்கிறேன். கரையோரப் புளியமரத்தடியில் பழைய வீரக்கற்கள் சாய்ந்து கிடந்தன. கத்தியை ஓங்கி நிற்கும் வீரன் ஒருவன், எந்தக் காலத்தில் யாருக்காகச் செத்தானோ, அவன் மார்பில் யாரோ வறட்டி தட்டியிருந்தார்கள். அவனுக்கும் ஒரு பெல் அடித்தாள். ஏரி நிரம்பி வழியும் கலங்கலில் மட்டும் இறங்கி, கணுக்கால் தண்ணீரில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடந்தோம். அதற்கப்புறம் சரிவு. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் பிரேக்கை விட்டாள். சேலை பாய் மாதிரி விரிய, வயல் பக்கம் பார்த்து ஏதோ கத்திக்கொண்டே இறங்கினாள்.

சரிவு முடிகிற இடத்தில், வழியை அடைத்துக்கொண்டு ஒரு லாரி.

அவள் பிரேக்கைப் பிடித்து இறங்கிவிட்டாள். கோஸ் மூட்டை ஏற்றிய லாரி, பின்சக்கரம் பாதி சேற்றில். டிரைவர் ஓசூர் பக்கத்துத் தமிழர். நாலு கூலியாட்களோடு தள்ளித் தள்ளி ஓய்ந்து போயிருந்தார். அவள் சைக்கிளை மரத்தில் சாய்த்தாள். லாரியின் பின்னால் போய் நின்று கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு தோளைக் கொடுத்தாள்.

"அக்கா, நீங்க அந்தாண்ட நில்லுங்க, சேறு அடிக்கும்" என்றார் டிரைவர்.

"ஏன், நான் தள்ளுனா உன் லாரிக்கு வலிக்குதா? போய் வண்டிய எடுய்யா."

எடுத்தார். மீதி ஆறு பேரும் தள்ளினோம். மூன்றாவது உறுமலில் லாரி வெளியே வந்தது. சேறு முழுக்க என் மூஞ்சியில்தான் அடித்தது. அது நியாயம்தான். டிரைவர் நிறுத்தி இரண்டு கோஸ் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதைக் கேரியரில் கட்டும்போது நான் மெதுவாகக் கேட்டேன், அப்போ சைக்கிள் குஜிரிக்குப் போகிறதா என்று.

"எதிர்ல வந்தாதான்னு சொன்னேன். இதுக்குப் பின்னாடி இல்ல நான் நின்னேன்." சக்கரம் போன தடத்தைப் பார்த்தாள். "சும்னே இத்தன வருசம் இதுக்கா பயந்தேன்? கோஸ் தூக்குற வண்டி."

கோயிலுக்கு மிதித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். குளம் காலண்டரில் இருந்த மாதிரியே இருந்தது. விளக்கு மட்டும் இல்லை. படியில் உட்கார்ந்து சேற்றுக் காலைக் கழுவினாள். நான் சட்டையைக் கழற்றிப் பிழிந்தேன். என் மகத்தான ரோட்டைப் பற்றி அவளாகவே பேச்செடுத்தாள்.

"வெயில் காலத்துல திரும்ப வரணும்யா. அந்த ஊஞ்சல் கல்லுல சாஞ்சு ஒக்காந்து புளிச்சோறு துன்னணும்."

"அப்பவும் தண்ணி இருந்துச்சுன்னா?"

"நீ எறங்கிப் பாத்து சொல்லு. முட்டி வரைக்கும்தான இருக்கும்."