சரஸ்வதிக்கு முன்னால் ஒரு டிராகன்

அந்த வருடம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் களைப்பு. அப்பா சுவிஸில், லோசான் நகரத்தில், ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். அம்மா அலுவலகங்களைத் துப்புரவாக்கப் போனாள். பத்து வயதில் எனக்கே உழைத்து ஓய்ந்தவள் மாதிரி ஒரு நடை வந்திருந்தது. உண்மையான களைப்பு என்னவென்று நானும் வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. இலங்கையில், எங்கள் ஊரில், சண்டை முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அப்பாவோடு ஒன்றாகப் படித்த நண்பர் ஒருவரைப் பற்றி மட்டும் தகவல் இல்லை. முகாம்களிலும் விசாரித்துவிட்டார்கள். தொலைபேசி அடித்தால் அப்பா பாய்ந்து எடுப்பார், அவரைப் பற்றி இல்லையென்றால் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து உட்காருவார்.

எனக்கு அதைவிடப் பெரிய அலுவல் இருந்தது. நூலகத்தில் எடுத்த, தலையணை அளவு பிரெஞ்சுப் புத்தகம். டிராகனும் மந்திரவாதியும் வருகிற அமெரிக்கக் கதை. பல வருடங்களுக்கு முன் பிரிந்த நண்பர்கள், பேசிக்கொண்டபடி ஒரு சத்திரத்தில் மறுபடி கூடுகிறார்கள். ஒருவன் மட்டும் வரவில்லை. வேலையால் வந்து சோபாவில் சரியும் அப்பாவுக்கு அன்றன்று வாசித்ததைத் தமிழில் சொல்லுவேன். டிராகன் நெருப்புக் கக்கும் இடத்தில் நான் குரலை உயர்த்தினால் கையைக் காட்டி நிறுத்துவார்.

“அதை விடு பிள்ளை. வராதவன் வந்திட்டானோ?”

“இன்னும் இல்லை அப்பா.”

உடனே கண்ணை மூடிவிடுவார். இப்படி ஒரு ரசிகரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கு அலுத்துப்போயிற்று.

கடைசி அத்தியாயத்துக்கு வரும்போது சரஸ்வதி பூசையும் வந்தது. அம்மா பள்ளிக்கூடப் புத்தகங்களோடு அதையும் சாமித் தட்டில் அடுக்கி, அட்டையில் இருந்த டிராகனின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். மறுநாள் விஜயதசமி வரை தொடக்கூடாது. நூலகத்தில் என்ன சொல்வேன் என்று அழுதேன். அம்மா அசையவில்லை.

அன்று பின்னேரம் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. நண்பரின் வீட்டார் இனிக் காத்திருப்பதில்லை, அவர் செத்துவிட்டதாகவே எடுத்து அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிடப் போகிறார்கள் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரியும். அப்பா “ஓம், ஓம்” என்று மட்டும் சொன்னார். வைத்த கையோடு போய்ச் சாமித் தட்டிலிருந்து என் புத்தகத்தை எடுத்தார்.

“என்னப்பா செய்யிறியள்? பூசையில வைச்சதெல்லோ!” என்றாள் அம்மா.

“நாளைவரைக்கும் இருக்கேலாது. பிள்ளை, மிச்சத்தை வாசி.”

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோசம். மூச்சு விடாமல் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். கடைசிப் பக்கமும் முடிந்தது. அவன் வரவில்லை.

“இது முதலாம் புத்தகம்தான் அப்பா. இன்னும் கனக்கப் புத்தகம் இருக்கு.”

அப்பா புத்தகத்தை வாங்கி மூடினார். அட்டையில் எழுதியவர்களின் பெயர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பேர் சேர்ந்து எழுதியிருக்கினம். ஒருத்தருக்காவது அவன் எங்க எண்டு தெரியாதோ?”

அப்பா பகிடி விடுகிறார் என்று நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.