வயல் வீதியில் முன்னால் ஓடியவன்

இது நடந்தது. கதை கட்டிச் சொல்வது றமீஸுக்கு வராது. அவர் ஒரு தையல்காரர். அளவு தப்பினால் துணி கெட்டுப்போகும் என்று பழகியவர். இந்த விஷயத்தை இதுவரை மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறார். மூன்று தடவையும் நேரமும் தூரமும் ஒரு புள்ளி மாறவில்லை. நம்பாதவர்கள் சாய்ந்தமருதுக்கு மேற்கே, வயலுக்குள் போகிற சரளைக்கல் போட்ட அந்தக் கிறவல் வீதியில் ஒருநாள் விடியமுன் ஓடிப் பார்க்கலாம். ஆனால் றமீஸ் வேண்டாம் என்றுதான் சொல்வார்.

அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. காலையிலிருந்து இஷாத் தொழுகை வரை மெசினில் குனிந்தே இருக்கிற தொழில். சீனி வருத்தம் வந்தது. டொக்டர் நடக்கச் சொன்னார். நடந்தார். ஆறு மாதத்தில் நடை ஓட்டமாகிவிட்டது. பொத்துவில் பக்கம் ஆடி மாதத்தில் இருபத்தொரு கிலோமீற்றர் ஓட்டம் ஒன்று நடக்கிறது என்று கேள்விப்பட்டார். அதில் ஒருதரம், ஒரேயொரு தரம், இரண்டு மணித்தியாலத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். வாழ்க்கையில் தனக்கென்று அவர் வைத்துக்கொண்ட ஆசை அது ஒன்றுதான்.

பழக்கம் மாறாது. நாலரைக்கு எழும்புவார். இரண்டு பேரீச்சம்பழம், ஒரு கோப்பை சுடுதண்ணீர். பள்ளியில் சுபஹ் தொழுதுவிட்டு வந்து சப்பாத்தைக் கட்டுவார். மிச்சத் துணியில் தானே தைத்த பையில் போனைப் போட்டுக் கையில் கட்டிக்கொள்வார். சரியாக 5.03க்கு வீட்டு வாசல். மூன்றாவது கிலோமீற்றரில் ஒரு மதகு. நாலாவதில் ஒரு காவல் வாடி, சின்னக் குடிசை. ஐந்தாவதில் வீதி முடிந்துவிடும். அங்கே பெரிய வாய்க்காலின் கதவு. அதைத் தொட்டுவிட்டுத் திரும்புவார். பத்துக் கிலோமீற்றர்.

கச்சான் காற்றுக் காலத்தில் உதடு வெடிக்கும். வாய்க்குள் மண் நறநறக்கும். மாரியில் வீதி முழுக்கக் குழி, குழி முழுக்கத் தண்ணீர். வீட்டுக்கு வந்ததும் சப்பாத்துக்குள் பழைய பேப்பரைத் திணித்து அடுப்படியில் வைப்பார். மனைவி முனவ்வறா ஒவ்வொரு மாரியும் அதற்காகச் சண்டை பிடிப்பாள்.

அப்படியான ஒரு மாரியில்தான் அது தொடங்கியது.

கார்த்திகை மாதம். இரவெல்லாம் பெய்து விட்டிருந்தது. தவளைச் சத்தம் காதை அடைத்தது. மதகைத் தாண்டும்போது போனைப் பார்த்தார். 5.22.

முன்னால் ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான்.

நூறு மீற்றர் இருக்கும். வெள்ளைப் பெனியன், மடித்துக் கட்டிய சாரன். றமீஸுக்குச் சந்தோசமாக இருந்தது. அந்த வீதியில் இன்னொருவர் ஓடி அவர் கண்டதில்லை. எட்டிப் பிடித்து ஸலாம் சொல்லலாம் என்று வேகத்தைக் கூட்டினார். அவனும் கூட்டினான். நூறு மீற்றர் நூறு மீற்றராகவே இருந்தது. கதவடிக்கு வந்து சேர்ந்தபோது அங்கே யாரும் இல்லை. ஏதாவது வரப்பில் இறங்கிப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போதுதான் ஒன்று தோன்றியது. குழிகளில் விழுந்து சளக் சளக் என்று கேட்டதெல்லாம் இவருடைய கால் சத்தம் மட்டும்தான். அவன் ஒரு குழியையும் விலத்தவில்லை. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீரும் தெறிக்கவில்லை...

அடுத்த நாளும் அவன் வந்தான். அதே மதகு. அதே 5.22.

கொஞ்ச நாளில் பழகிவிட்டது. முன்னால் ஒருவன் ஓடினால் பின்னால் ஓடுகிறவனுக்கு லேசு. மதகுக்குப் பிறகு ஒரு கிலோமீற்றருக்கு ஆறரை நிமிடம் எடுத்தவர் ஆறுக்கு இறங்கினார். பிறகு ஐந்தே முக்கால். ஆசைப்பட்ட இரண்டு மணித்தியாலம் கைக்கு எட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டது.

ஆனால் உடம்பு வேறு கணக்குச் சொன்னது. பகலில் மெசினிலேயே தூங்கிவிழுந்தார். ஒருநாள் ஊசி நகத்தைத் துளைத்துக்கொண்டு போனது. நோவு தெரிய ஒரு நிமிடம் பிடித்தது. எட்டு மணித்தியாலம் தூங்கினாலும் தூங்காத மாதிரியே எழும்பினார். அந்தக் களைப்பு ஓடியதால் வந்தது மாதிரி இல்லை. யாரோ ஒருவரின் களைப்பையும் சேர்த்துச் சுமக்கிற மாதிரி இருந்தது.

"இஞ்சாருங்க, கண்ணாடியில உங்கட மூஞ்சப் பாத்தீங்களா?" என்றாள் முனவ்வறா. "எலும்பும் தோலுமாப் போயிட்டீங்க. ஓடினது காணும், போதும்."

"ஆடி மாசம் வரைக்கும்தான். பொறகு உட்டுடுவன்."

"அதுக்குள்ள உசிர உட்டுடாதீங்க."

நோன்பு வந்தது. நோன்பு திறக்க முந்தி, அந்தி வெயிலில் ஓடினார். வீதியில் ஆட்கள், மாடுகள், நெல் வெட்டு மெசின்கள். அவனைக் காணவில்லை. முப்பது நாளும் உடம்பு இலேசாக இருந்தது. பட்டினியோடு ஓடியும் களைக்கவில்லை. அதை அவர் அப்போது யோசிக்கவில்லை.

பெருநாள் முடிந்து மறுபடி விடியற்காலை. மதகு. 5.22.

அவன் பழையபடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். ஆனால் இப்போது ஐம்பது மீற்றர்.

வைகாசிக் கடைசியில் கச்சான் பிடித்தது. மேற்கிலிருந்து முகத்தில் அறைகிற காற்று. றமீஸின் ரீசேட் முதுகுப் பக்கமாகப் படபடவென்று அடித்தது. முன்னால் ஓடுகிறவனின் பெனியன் அசையவில்லை. சாரன் அசையவில்லை. அவன் கால் பட்ட இடத்தில் புழுதியும் எழும்பவில்லை.

வாடியில் காவல் இருக்கிறவர் அழகரெத்தினம். காரைதீவு ஆள், எழுபது தாண்டியவர். யானை வந்தால் வெடி கொளுத்திப் போட இருக்கிறார். முழங்கால் மடங்காது, தடி ஊன்றித்தான் வாடியை விட்டு இறங்குவார். ஒருநாள் றமீஸ் திரும்பி வரும்போது கைகாட்டிக் கூப்பிட்டார். பிளாஸ்கிலிருந்து பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தார்.

"தம்பி, உங்களோட ஓடுற ஆள் ஆரு?"

"தெரியா ஐயா. நான் மூஞ்சக் கண்டதில்ல. முதுகுதானே தெரியிது."

கிழவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"முதுகா?"

"ஓம். எனக்கு முன்னாலதானே ஓடுறாரு."

"முன்னாலதான் ஓடுறான்." அழகரெத்தினம் வீதியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆனா பின்பக்கமா ஓடுறான் தம்பி. உங்களப் பாத்துக்கொண்டு."

றமீஸ் மிச்சத் தேநீரை வீதியோரம் ஊற்றினார். எழும்பினார். கிழவர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். எழுபது வயதுக்காரரின் பிடி இல்லை அது.

"நாளைக்கும் வருவீங்கதானே? வராம உட்டுராதீங்க."

ஏன் அப்படிச் சொன்னார் என்று அன்றைக்கு விளங்கவில்லை.

ஒன்பது நாள் அவர் ஓடவில்லை. நன்றாகத் தூங்கினார். பசித்துச் சாப்பிட்டார். பிறகு நெஞ்சுக்குள் கிடந்து அரிக்கத் தொடங்கியது. ஓட்டத்துக்கு மூன்று கிழமைதான் இருக்கிறது. கிழவருக்கு வயது போய்விட்டது, கண் மங்கல். விடியப்புற வெளிச்சத்தில் யாருக்கு முதுகு எது நெஞ்சு எது என்று தெரியப்போகிறது?

பத்தாம் நாள், வியாழக்கிழமை, 5.03க்குச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

மதகு. 5.22. யாரும் இல்லை.

அல்ஹம்துலில்லாஹ் என்றார், வாய்விட்டு.

5.28. வாடி. உள்ளே டோர்ச் வெளிச்சம். கிழவர் வீதிக்கு டோர்ச் அடித்துக்கொண்டிருந்தார். றமீஸ் மேல் இல்லை... அவருக்குக் கொஞ்சம் முன்னால்.

அந்த வெளிச்ச வட்டத்துக்குள் புழுதி மட்டும் பறந்தது.

5.30. கண்ணுக்குள் மண் விழுந்தது. கசக்கிவிட்டுத் திறந்தார்.

பத்து மீற்றரில் அவன்.

கிட்டத்தில் பார்த்தபோது முதலில் கால்தான் கண்ணில் பட்டது. வெறுங்கால். கிறவலில் பட்டுப் பட்டு எழும்புகிறது. சத்தம் இல்லை.

பெருவிரல்கள் இரண்டும் றமீஸைப் பார்த்து இருந்தன.

நிற்க வேண்டும் என்று நினைத்தார். கால் கேட்கவில்லை. ஏழு மாதமாக அந்த முதுகைத் துரத்திப் பழகிய கால்.

எட்டு மீற்றர்...

அது முதுகும் இல்லை. நெஞ்சு. நனைந்து ஒட்டிய பெனியனுக்குள் ஏறி இறங்குகிற நெஞ்சு.

ஆறு மீற்றர்...

இவ்வளவு நாளும் பிடரி என்று நினைத்தது உச்சந்தலை. அவன் தலையைக் குனிந்திருந்தான். றமீஸின் கால்களைப் பார்த்துக்கொண்டே ஓடியிருக்கிறான். ஏழு மாதமும்.

நாலு மீற்றர்.

மூச்சுச் சத்தம் கேட்டது.

றமீஸின் மூச்சு இல்லை.

அவன் தலையை நிமிர்த்தினான்.

அந்த முகம் எப்படி இருந்தது என்று றமீஸ் யாருக்கும் சொல்வதில்லை. கேட்டால் ஒன்று மட்டும் சொல்வார்: "களைச்சிருந்திச்சி. அப்படி ஒரு களைப்ப நான் ஒரு மனிசன்ட மூஞ்சிலயும் கண்டதில்ல."

அவன் இரண்டு கையையும் கூப்பினான்.

"காணும்..."

றமீஸ் நின்றார்.

5.33.

அவனும் நின்றான். அவனுடைய மூச்சு மெல்ல மெல்ல அடங்கியது. ஒரு நிமிடம் இருக்கும். பிறகு அவன் தலையைத் திருப்பினான். றமீஸைத் தாண்டி... பின்னால்... வாடிப் பக்கம்.

டிக் என்றொரு சத்தம்.

வாடியில் டோர்ச் அணைந்தது.

எப்படி வீட்டுக்கு வந்தார் என்று அவருக்கு ஞாபகமில்லை. முனவ்வறா வாசல் கூட்டிக்கொண்டு நின்றாள். சப்பாத்தைக் கழற்றி வாங்கி வைத்தாள். மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. பொத்துவிலுக்கு அவர் போகவில்லை. அந்த வீதிக்கும் பிறகு போகவில்லை.

தை மாதம், காரைதீவிலிருந்து சட்டை தைக்க வந்த ஒருவர் சொல்லித்தான் அழகரெத்தினம் இறந்தது தெரியும். கார்த்திகையிலேயே முடிந்துவிட்டதாம். றமீஸ் கடையைப் பூட்டிவிட்டு அவர் வீட்டுக்குப் போனார். தான் யாரென்று சொன்னதும் கிழவரின் மனைவி கனகேஸ்வரி கதிரை போட்டு இருக்கச் சொன்னாள்.

"நீங்கதானா அந்த ஓடுற தம்பி? 'அந்தத் தம்பி ஓடுறவரைக்கும் அவன் என்னட்ட வரமாட்டான்' எண்டு உங்களக் கூட்டி வரச் சொல்லிச் சொல்லியே மனிசன் போய்ச் சேந்திட்டு. பேர் தெரியா, ஊர் தெரியா, நான் ஆர எங்க தேடுற?"

"என்ன நடந்த அக்கா?"

"வாடியில படுத்த மனிசன். விடியப் பாத்தா மதகடியில கிடக்கு. தடி வாடிக்குள்ளயே இருக்கு. நாலடி நடக்க ஏலாத மனிசன் தம்பி, ஒரு கிலோமீற்றர். உள்ளங்கால்ல தோல் இல்ல."

கனகேஸ்வரி எழும்பி வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மழை பெஞ்சிருந்தபடியா வீதியில அடி பதிஞ்சிருந்திச்சி. அவர்ட அடி மட்டும்தான். வாடியில இருந்து மதகு வரைக்கும். ஆனா விரலெல்லாம் வாடிப் பக்கம் பாத்துக்கொண்டு இருந்திச்சி."

பிறகுதான் மெதுவாக மற்றதைச் சொன்னாள். கலியாணம் கட்டின புதிதில், முப்பத்தெட்டு வருடத்துக்கு முன், நெல் வெட்டுக்கு வந்த கூலியாள் ஒருவன் தண்ணீர் இறைக்கிற மெசினைக் களவெடுத்துவிட்டான் என்று சொல்லித் துரத்தினார்களாம். எந்த ஊர் என்றும் தெரியாத ஆள். யாரும் கை வைக்கவில்லை. அடிக்கவில்லை. நிற்க மட்டும் விடவில்லை. மதகிலிருந்து கதவடி வரை, கதவடியிலிருந்து மதகு வரை, விடியும்வரை ஓட விட்டார்கள். கடைசியில் அவன் பின்பக்கமாகவே ஓடிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டானாம். விடிய, வாய்க்காலுக்குள் விழுந்து செத்தான். தண்ணீர் மெசின் அடுத்த வயலின் வரவையில் வைக்கோலுக்குள் இருந்தது.

"ரெண்டு பேர்தான் துரத்தினது," என்றாள் கனகேஸ்வரி. "எங்கட மனிசனும், உங்கட ஊர்ல ஒரு ஆளும்."

மற்றவர் பேரைச் சொன்னாள். மீராமுகைதீன்.

றமீஸுக்கு அவரைத் தெரியும். பாரிசவாதம் வந்து ஐந்து வருடம். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, கட்டிலோடு கிடக்கிறார்.

போன கிழமை அவருடைய மகள் றினோஸா அபாயா தைக்கக் கொடுக்கக் கடைக்கு வந்திருந்தாள். வாப்பாவுக்கு எப்படி என்று றமீஸ் கேட்டார். அவளுடைய முகம் மலர்ந்துவிட்டது.

"அல்லாஹ்ட காவல், கால் ரெண்டும் அசையத் தொடங்கியிருக்கு. டொக்டருக்கே நம்பேலாம இருக்கு. விடியப்புறத்துல மட்டும்தான். ஓடுற மாதிரிக் கட்டில்ல அடிச்சிக்கிட்டே இருக்காரு..."

பையிலிருந்து துணியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஒண்டுதான் விளங்கல்ல. நடந்து அஞ்சி வருசமாகுது. உள்ளங்கால் ரெண்டும் தோல் உரிஞ்சி கிடக்கு."