படைக்க முடியாமல் போன திரட்டுப்பால்

இந்த வருஷம் கிருஷ்ண ஜெயந்திக்கு எங்கள் வீட்டில் திரட்டுப்பால் கிளறியது நான். சிரிக்காதீர்கள். வேறு ஆள் இல்லை.

மகளுக்குப் பிரசவம் என்று என் மனைவி வசந்தா அமெரிக்கா போய் மாதக்கணக்காகிறது. கள்ளிக்குப்பம் வீட்டில் நானும் சுவரில் கண்ணன் படமும்தான். காலையில் எழுந்ததும் டிவியைப் போட்டுவிடுவேன் — பார்ப்பதற்கில்லை, வீட்டுக்குள் ஏதாவது ஒரு பேச்சுக்குரல் கேட்கட்டுமே என்று.

இனிப்பைக் கடையில் வாங்கி வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். வீடியோ காலில் வசந்தா விடவில்லை. நான் ஊரில் இல்லை என்றால் கண்ணனும் பட்டினியா என்று கேட்டாள்.

“அடி கனமான பாத்திரமா எடுங்க. கை விடாம கிளறுங்க. முக்கியமா, வாயில வச்சுப் பாத்துடாதீங்க. படைக்கிறதுக்கு முன்னாடி ருசி பாக்கக் கூடாது. நீங்கதான் கரண்டியைக் கண்டாலே நக்குற ஆளாச்சே.”

தலையை ஆட்டினேன்.

பால் சுண்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. கிளறிக்கொண்டே இருந்தபோது எதிர் போர்ஷன் ஞாபகம் வந்தது. அங்கே சாமுவேல் அண்ணன். ஆட்டோ ஓட்டி ஓய்ந்தவர். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் அவரும் தனிதான். தவறாமல் சபைக்குப் போகிறவர். போன வருஷம் இதே நாளில் வசந்தா கொடுத்த சீடையையும் திரட்டுப்பாலையும் தட்டோடு திருப்பிக் கொடுத்தார். “தப்பா எட்துக்காத சார். சாமிக்கு வச்சத நாங்க துன்றதில்ல” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. அதன் பிறகு எங்கள் பேச்சு தண்ணீர் மோட்டாரோடு சரி. போட்டாச்சா... நிறுத்தியாச்சா... அவ்வளவுதான்.

பால் திரண்டு வந்தது. சர்க்கரையைப் போட்டேன். போதுமா? வசந்தாவின் கைக்கு அளவு தெரியும். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஸ்பேனர் பிடித்த என் கைக்கு என்ன தெரியும்? ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு, நாக்கில் வைத்தேன்.

தித்திப்பு தொண்டையில் இறங்கிய பிறகுதான் உறைத்தது!

போன் போட்டுச் சொன்னேன். அங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. வசந்தா மெதுவாக, அதைப் படைக்காதீர்கள், வெண்ணெய் வைத்துக் கும்பிடுங்கள், திரட்டுப்பாலை நீங்களே சாப்பிடுங்கள் என்றாள்.

வெண்ணெயும் அவலும் வைத்து விளக்கேற்றினேன். கண்ணா, புத்தி கெட்டுச் செய்துவிட்டேன், பொறுத்துக்கொள் என்று விழுந்து கும்பிட்டேன். வெளியே வாசலுக்கு வாசல் மாவில் குட்டிக் குட்டிப் பாதங்கள். வீட்டுக்கு வீடு பிள்ளைகள் சத்தம். நான் ஒரு கிண்ணத்தில் திரட்டுப்பாலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இறங்கவில்லை. பண்டிகை நாளில் இனிப்பைத் தனியாக உட்கார்ந்து தின்று பார்த்திருக்கிறீர்களா? தித்திப்பு தெரியும். பண்டிகை தெரியாது.

அப்போதுதான் தோன்றியது... இது சாமிக்கு வைக்காதது ஆயிற்றே?

எதிர்க் கதவு வரைக்கும் போய் நின்றேன். கை எழவில்லை. மறுபடியும் வேண்டாம் என்றுவிட்டால்? போன தடவை சமாதானம் சொல்ல வசந்தா இருந்தாள். இந்தத் தடவை பாத்திரத்தோடு திரும்பிப் போய் யாரிடம் சொல்வேன்? கண்ணன் மேல் பாரத்தைப் போட்டுத் தட்டினேன்.

“அண்ணே, திரட்டுப்பால். படைக்காதது.”

அவர் பாத்திரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இன்னா சார், உங்க சாமிக்கே வைக்காம எனுக்கு எட்துகினு வந்துக்கீற?”

ருசி பார்த்துவிட்டதைச் சொன்னேன். கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் என் வாசலை எட்டிப் பார்த்தார்.

“ரொம்ப நாளா கோலத்தையே காணோம். அம்மா ஊர்ல இல்லியா? கேக்கணும்னுதான் இருந்தேன். உன் மூஞ்சியப் பாத்து கேக்கல. தனியாவா கீற? வா, உன் ஊட்லயே குந்திகினு துன்னலாம்.”

மாதக்கணக்கான என் தனிமையைக் கோலம் இல்லாத வாசலில் கண்டுபிடித்த ஒரே ஆள்... நான் பேச்சை நிறுத்திய ஆள்.

உள்ளே வந்து உட்கார்ந்தார். வசந்தா அமெரிக்கா போன காரணத்தைச் சொன்னேன். சாப்பிடும் முன் கண்ணை மூடித் தன் ஆண்டவரிடம் முணுமுணுவென்று வேண்டினார். அதில் வசந்தா வந்தாள். என் மகளின் பிரசவம் வந்தது. நானும் கை கூப்பிக்கொண்டேன். பிறகு ஒரு வாய் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“சக்கர கம்மி நைனா.”

ஆனாலும் இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மருமகள் வந்து கூப்பிட்டதும் எழுந்து போனார். மறுபடியும் நானும் படமும்.

அன்றைக்குக் கண்ணனுக்கு வெறும் வெண்ணெயும் அவலும்தான். கோபித்திருக்க மாட்டான் — தனியாகத் தின்று அவனுக்கும் பழக்கமில்லை.